சிங்க்குக்கு அடியில் சொட்டுகிறதா? வேஸ்ட் பைப் இணைப்பை நீங்களே சரிசெய்யலாம்

சிங்க்குக்குக் கீழே அலமாரியைத் திறந்தால் ஈர வாடை, ஊறிப்போன பிளைவுட், அடிப்பக்கம் நனைந்த வெங்காயக் கூடை. பார்த்ததும் கை தானாக நட்டுக்குப் போகும். முடிந்த மட்டும் இறுக்கிவிடுவோம். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடி சொட்டும். இந்த இணைப்பில் தண்ணீரை நிறுத்துவது மரை அல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் ரப்பர் வாஷர். அதைச் சமமாக அமுக்கிப் பிடிப்பதுதான் நட்டின் வேலை. வாஷர் கோணலாக இருந்தாலோ விறைத்துப்போயிருந்தாலோ எவ்வளவு இறுக்கினாலும் பலனில்லை. பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடுவதுதான் மிச்சம்.

மேலிருந்து கீழே என்னென்ன இருக்கின்றன?

சிங்க் ஓட்டையில் ஜாலியோடு உட்கார்ந்திருப்பது கப்ளிங். அதன் விளிம்புக்கும் சிங்க் தகட்டுக்கும் நடுவே ஓர் இணைப்பு. கப்ளிங்கின் வால் பகுதியில் வெளிமரை இருக்கும். அதில் வேஸ்ட் பைப்பின் நட்டு ஏறுகிறது, அது இரண்டாவது இணைப்பு. பைப்பின் கீழ்முனை சுவரில் அல்லது தரையில் இருக்கும் 2 இன்ச் குழாய்க்குள் நுழைகிறது, அது மூன்றாவது. சில வீடுகளில் நடுவே பாட்டில் ட்ராப் இருக்கும், அதாவது நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் புட்டி வடிவப் பகுதி. ஒழுகல் பெரும்பாலும் இந்த இடங்களில் ஒன்றில்தான். எது என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது

முதலில் அலமாரியைக் காலி செய்து, பைப்பை மேலிருந்து கீழ்வரை பழைய துணியால் நன்றாகத் துடையுங்கள். அடியில் செய்தித்தாள் விரியுங்கள். கையில் ஒரு டார்ச், கொஞ்சம் டிஷ்யூ பேப்பர்.

சிங்க் ஓட்டையை அடைத்துப் பாதியளவு தண்ணீர் பிடியுங்கள். அடைப்பான் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையில் துணியைச் சுருட்டி வைத்து அழுத்தினால் போதும். தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலைந்து துளி விடுங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், பைப்பில் கறை பிடித்துவிடும். பத்து நிமிடம் கழித்து கப்ளிங்கைச் சுற்றிக் கீழே டிஷ்யூவால் ஒற்றுங்கள். நீலம் பட்டால் கப்ளிங் விளிம்பில் ஒழுகல். படாவிட்டால் அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஒரே மூச்சில் விடுங்கள். இப்போது நட்டைச் சுற்றி ஒற்றுங்கள், பிறகு பைப்பின் மடிப்புகளை, கடைசியாகக் கீழ்முனையை.

மேலிருந்து கீழே என்ற இந்த வரிசை முக்கியம். நட்டில் கசியும் தண்ணீர் பைப்பின் மடிப்புகள் வழியாக இறங்கி, அடியில் வளைந்த இடத்தில் வந்துதான் சொட்டும். சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு.

டிஷ்யூவில் நிறமே இல்லாத ஈரம் தெரிந்தால் அது கழிவுநீர் அல்ல. குழாய்க்குப் போகும் இணைப்பு ஹோஸ் அல்லது அந்த ஹோஸ் மாட்டியிருக்கும் சுவர் வால்வு (ஆங்கிள் வால்வு) கசிகிறது. சிங்க்கில் தண்ணீரே விடாதபோதும் சொட்டினால் அதுவும் இதே கதைதான். மேடையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் சிந்தும்போது மட்டும் கீழே நனைகிறதென்றால், சிங்க் ஓரத்துக்கும் கிரானைட்டுக்கும் இடையிலுள்ள சிலிக்கான் விட்டிருக்கிறது. பைப்பைத் தொடவே தேவையில்லை.

வாங்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது பழைய வாஷரையும், முடிந்தால் நட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வேஸ்ட் பைப் ஒன்றேகால் இன்ச், ஒன்றரை இன்ச் என்று இரண்டு அளவில் வரும். அதாவது 32 மி.மீ., 40 மி.மீ. வாஷ்பேசினுக்குப் பெரும்பாலும் சிறியது, சமையலறை சிங்க்குக்குப் பெரியது. ஆனால் சமையலறையிலும் ஒன்றேகால் மாட்டியிருக்கும் வீடுகள் ஏராளம், அதனால் கண் மதிப்பில் வாங்க வேண்டாம். வாஷர் சில ரூபாய்தான், இரண்டாக வாங்குங்கள். கப்ளிங்கைக் கழற்றுவதாக இருந்தால் ஒரு சிறிய சிலிக்கான் ட்யூப். கருவிகள்: அகல வாய்க் குறடு, ஸ்க்ரூ டிரைவர், ஹேக்ஸா பிளேடு, உப்புத்தாள், அடியில் வைக்க வாளி.

அண்மையில் அடைப்பு நீக்கும் பொடியோ திரவமோ ஊற்றியிருந்தால், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே திறக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். வளைவில் தேங்கிய காரத் தண்ணீர் நேராக முகத்துக்கு மேலேதான் இருக்கும்.

நட்டில் ஒழுகினால்

நம் வீடுகளில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். வாளியை அடியில் வைத்து நட்டை இடப்பக்கமாக, அதாவது கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். கை வழுக்கினால் துணி சுற்றிக் குறடு போடலாம். குறட்டின் பல் நேரடியாகப் பிளாஸ்டிக்கில் படக்கூடாது.

கழன்றதும் வாஷரை எடுத்து விரலால் மடித்துப் பாருங்கள். நல்ல ரப்பர் மடங்கி உடனே விரியும். கெட்டது அப்பளம்போல விறைத்திருக்கும், அல்லது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். பிறகு கப்ளிங் வாலின் விளிம்பை விரலால் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் உப்புப் படிவமும் சேர்ந்து மேடு தட்டியிருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். புது வாஷர் போட்ட பிறகும் ஒழுகுகிற வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போயிருப்பது இந்தச் சுத்தம்தான்.

புது வாஷரை நட்டுக்குள் பைப்பின் கழுத்து விளிம்பின் மேல் தட்டையாக வையுங்கள். நட்டை மரையில் வைத்ததும் முதலில் எதிர்ப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள். 'டிக்' என்று மரை சரியாக விழுவது கையில் தெரியும். அதன்பிறகு கையாலேயே ஏற்றுங்கள். ஆரம்பத்திலேயே கடினமாக இருந்தால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள், கழற்றி மறுபடி தொடங்குங்கள். கை இறுக்கம் முடிந்த இடத்திலிருந்து குறடால் இன்னொரு கால் சுற்று. அதோடு நிறுத்துங்கள்.

டெஃப்லான் டேப் இங்கே தேவையில்லை. தடிமனாகச் சுற்றினால் நட்டு முழுதாக ஏறாமல் வாஷர் அமுங்காது. பிசைந்து ஒட்டும் எம்-சீல் பசை பூசுவது அதைவிட மோசம். ஈரத்தில் பிடிக்காது, பிடித்துவிட்டால் அடுத்தமுறை கப்ளிங்கோடு அறுத்தெடுக்க வேண்டும்.

பைப்பின் மடிப்பிலேயே விரிசல் என்றால் ஒட்டுப்போட முயலாதீர்கள், பைப்பை மாற்றுங்கள். சூடான கஞ்சியை அப்படியே வடித்துக் கொட்டும் வீடுகளில் இந்தப் பைப் சீக்கிரம் போகும். கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டில் பி.வி.சி. இளகி, தொய்ந்து, நட்டுப் பக்கம் இழுபடும். கஞ்சி வடிக்கும்போது குளிர்ந்த தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டால் போதும்.

கப்ளிங் விளிம்பில் ஒழுகினால்

ஜாலியின் நடுவே ஒரு ஸ்க்ரூ தெரிகிறதா? அப்படியென்றால் மேலே ஜாலித் தட்டும் கீழே உடலும் அந்த ஒற்றை ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டவை. ஒரு சுற்று இறுக்கி, நீலத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். நின்றுவிட்டால் வேலை முடிந்தது. ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை தேய்ந்திருந்தால் முழு கப்ளிங்கையும் மாற்றுவதே மேல்.

ஸ்க்ரூ இல்லாத வகையில் கப்ளிங்கைச் சிங்க்கோடு இறுக்கிப் பிடிக்கும் பெரிய செக் நட்டு அடியில் இருக்கும். அதைத் திருப்பும்போது மேலே கப்ளிங்கும் சேர்ந்து சுற்றும். ஜாலிக்குள் குறட்டின் இரண்டு கைப்பிடிகளையும் செருகி இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது ஒற்றை ஆள் வேலை இல்லை. கழன்றதும் பழைய சிலிக்கானைச் சுரண்டி, சிங்க் தகட்டை இரு பக்கமும் உலரத் துடையுங்கள். மேல் விளிம்பின் அடியில் மட்டும் மெல்லிய கோடாகச் சிலிக்கான் விட்டு அழுத்துங்கள். கீழே வரும் ரப்பர் வாஷரைக் காய்ந்த நிலையில் போட வேண்டும். அதில் சிலிக்கான் பூசினால் இறுக்கும்போது வழுக்கி ஒரு பக்கம் பிதுங்கிவிடும். பிதுங்கிய சிலிக்கானை வழித்துவிட்டு 24 மணி நேரம் சிங்க்கைத் தொடக்கூடாது. இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு இந்த வேலையைத் தொடங்கி, மறுநாளுக்கு வெளிக்குழாயை நம்பிக்கொள்ளுங்கள்.

பாட்டில் ட்ராப்பிலும் கீழ்முனையிலும்

பாட்டில் ட்ராப்பில் பைப் நுழையும் இடத்தில் கூம்பு வாஷர் வரும். முதலில் நட்டு, பிறகு வாஷர் என்ற வரிசையில் பைப்பில் கோர்க்க வேண்டும். தட்டைப் பக்கம் நட்டைப் பார்த்தும், சரிந்த பக்கம் ட்ராப்பைப் பார்த்தும் இருக்க வேண்டும்.

கீழ்முனையில் தண்ணீர் பொங்கி வெளியே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைப்பை. கொஞ்சமாக விட்டால் போகிறது, நிறைய விட்டால் எதுக்களிக்கிறது என்றால் சுவருக்குள் இருக்கும் குழாயைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அடைப்பு இல்லையென்றால் பைப் உள்ளே போகும் நீளத்தைப் பாருங்கள்: 2 முதல் 3 இன்ச் போதும். அதிகம் திணித்தால் உள்ளே எல்போவில், அதாவது குழாயின் வளைவுத் துண்டில், முட்டி வழி சுருங்கும். உபரி நீளத்தை ஹேக்ஸா பிளேடால் மடிப்பின் பள்ளத்தை ஒட்டி நேராக அறுத்து, பிசிறை எடுங்கள். இடைவெளிக்குத் துணி திணிக்காமல், வெளியளவு 2 இன்ச்சும் உள்ளளவு உங்கள் பைப்புக்கும் பொருந்தும் ரப்பர் புஷ் போடுங்கள். கரப்பானும் நாற்றமும் அதோடு நிற்கும். பைப் எங்கும் மேடேறாமல் சரிவாக இறங்க வேண்டும். மேடு இருந்தால் அதற்கு முன்னுள்ள பள்ளத்தில் பருக்கைகள் தங்கும்.

முடித்த பிறகு

சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் விடுவதை மூன்று முறை செய்யுங்கள். ஒருமுறை குளிர்ந்த தண்ணீர், ஒருமுறை கை பொறுக்கும் வெந்நீர், மறுபடி குளிர்ந்தது. பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும்போது தளர்கிற நட்டு இதில் காட்டிக்கொடுத்துவிடும். தளர்ந்தால் எட்டில் ஒரு சுற்று மட்டும் கூட்டுங்கள். அடியில் புதுச் செய்தித்தாள் விரித்து, வெங்காயக் கூடையை இரண்டு நாள் வெளியிலேயே வைத்திருங்கள். மூன்றாம் நாள் காகிதம் மொரமொரப்பாக இருந்தால் கூடையை உள்ளே வைக்கலாம்.