சறே தெருச் சந்தை: குரொய்டனுக்குப் புதிதாக வந்தோருக்கு

தெற்கு லண்டனில் உள்ள குரொய்டன் பகுதியில் குடியேறும் தமிழர் பலர், லண்டன் ரோட்டில் உள்ள நம்மவர் கடைகளோடு நின்றுவிடுகிறார்கள். முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் அவையே சரியான இடம். ஆனால் வெங்காயம், தக்காளி, பழங்கள் ஆகியவற்றுக்கு நகர மையத்தில் உள்ள சறே தெருச் சந்தைக்கும் சென்று பழகுவது நல்லது. 1276 ஆம் ஆண்டில் கன்ரபரிப் பேராயர் றொபேட் கில்வாட்பி சந்தை நடத்தப் பெற்ற அனுமதிச் சாசனத்திலிருந்து வரலாறு கொண்ட இச்சந்தை, 1922 முதல் நாளாந்தத் தெருச் சந்தையாக நடந்துவருகிறது.

மேற்குக் குரொய்டன் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். கிழக்குக் குரொய்டனிலிருந்து டிராமில் சென்றால் சேர்ச் தெரு நிறுத்தத்தில் இறங்க வேண்டும். டிராமில் ஏறுமுன் மேடையில் உள்ள கருவியில் ஒயிஸ்டர் பயண அட்டையையோ வங்கி அட்டையையோ தொட மறவாதீர்கள். இறங்கும்போது மீண்டும் தொட வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சந்தையில் கூறு கட்டி விற்பதைப் போலவே இங்கும் மரக்கறிகளையும் பழங்களையும் கிண்ணங்களில் கூறாக்கி வைக்கிறார்கள். ஒரு கிண்ணம் ஒரு பவுண் என்று கூவி விற்பது இத்தகைய சந்தைகளின் பழைய வழக்கம். இன்று பலகையில் எழுதியுள்ள விலையைப் பார்த்தே வாங்க வேண்டும். கிண்ணத்தைக் கையால் கிளறிப் பொறுக்குவதைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை. ஆகவே மேலே அடுக்கியிருக்கும் நல்ல பழங்களில் மயங்காமல், பக்கவாட்டில் குனிந்து அடியில் இருப்பதையும் பார்த்துவிட்டு, வேண்டிய கிண்ணத்தைச் சுட்டிக்காட்டுங்கள். பையில் கொட்டிய பின் பேரம் பேசுவது அழகன்று. இரண்டு மூன்று கிண்ணங்கள் சேர்த்து வாங்குவதாயின் முன்னதாகவே விலை கேட்கலாம். நிறுத்து விற்கும் பொருள்களுக்குக் கிலோ விலையைக் காட்டுவது சட்டப்படி கட்டாயமாகும். அதனருகே நம் பெரியோர் இறாத்தல் என்று சொன்ன 454 கிராம் அளவுக்கான விலையும் எழுதப்பட்டிருக்கலாம். அதைக் கிலோ விலை என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

சில்லறை கொண்டு செல்லுங்கள். உறவினர் ஊரிலிருந்து கொடுத்துவிட்ட பழைய காகிதப் பவுண் தாள்களும் முழு வட்டமான பழைய ஒரு பவுண் நாணயங்களும் இப்போது கடைகளில் செல்லுபடியாகா. கடைக்காரர் உங்களை "லவ்" அல்லது "டார்லிங்" என்று அழைத்தால் திகைக்க வேண்டாம். நம் சந்தைகளில் "தங்கச்சி" என்றும் "அம்மா" என்றும் அழைப்பதற்கு நிகரானதே அது.

தெருவோரக் கடை என்பதற்காக உங்கள் உரிமை குறைவதில்லை. பழுதான பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீளப் பெறும் உரிமையை 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இங்கும் தருகிறது. எனினும் அழுகும் பொருள்களுக்கு அக்கால எல்லை மிகக் குறுகியது என்பதால், வீட்டுக்குச் சென்றதும் பையைத் திறந்து பார்த்து, குறையிருந்தால் தாமதியாமல் அதே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். கடை கட்டும் மாலை வேளையில் விலை இறங்கும். ஆனால் அப்போது வாங்கும் தக்காளி அன்றிரவே சமைப்பதற்கு உரியது.