கடலோரத்தில் குடியிருந்துகொண்டு முதல் ஏர் பிஸ்டல் வாங்குகிறவர்களுக்கு

கீழக்கரையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறி, துப்பாக்கி சுடும் கிளப்பின் பிஸ்டலில் நாற்பது குண்டு சுட்டுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வந்து சேரும் பிழைப்பை ஒரு வருஷம் ஓட்டினேன். அப்புறம்தான் சொந்தமாக ஒன்று வாங்கும் எண்ணம் வந்தது. வாங்கினேன், தப்பாக வாங்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். தோட்டா போடும் .22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் கட்டாயம், புதுசாகப் பழகுகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் அடங்கும் சக்தியும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாள அட்டை நகல் கொடுத்து, பில் வாங்கி, அந்தப் பில்லைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது நிஜத் துப்பாக்கிதான், பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் திறந்து நண்பனுக்குக் காட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

நான் செய்த தப்பு ஸ்பிரிங் பிஸ்டல். விலை சில ஆயிரம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி இழுக்க ஒரு மல்லுக்கட்டு, விசையை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் பாய்ந்து கை முன்னும் பின்னும் உதறும், இருபது குண்டுக்கு மேல் மணிக்கட்டு ஒத்துழைக்காது. குண்டில்லாமல் விசை பழகவும் முடியாது, வெறுமனே சுட்டால் பிஸ்டன் அடிபட்டுப்போகும். 10 மீட்டர் தூரக் குறிப் பயிற்சியில் பாதிக்கு மேல் அந்த வெறும் விசைப் பழக்கம்தான், அதற்கே உதவாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கார்பன் டை ஆக்ஸைடு வகை நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படாது. சூடு ஏறினால் வாயுவின் அழுத்தமும் ஏறும், காலையில் பத்துப் புள்ளி வளையத்தில் விழுந்த குண்டு மத்தியானம் எட்டில் விழும்.

மிச்சம் இரண்டு. ஒன்று, நெம்புகோலை ஒரே ஒரு தடவை இழுத்து மூடினால் காற்றேறும் வகை. சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம், உதறலும் இல்லை. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். மூடியதும் உஸ்ஸென்று கசிகிறதா என்று மட்டும் காதை வைத்துக் கேளுங்கள். இன்னொன்று 200 பார் அழுத்தத்தில் காற்றடைத்த சிலிண்டர் வகை, போட்டிக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பது. புதுசாக வெளிநாட்டு மாடல் என்றால் லட்சத்தைத் தாண்டும். பழசில் மலிவாக வந்தால் உடனே மயங்காமல் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள், பொதுவாகப் பத்து வருஷம்தான் ஆயுள். அது முடிந்துபோனதால்தான் பாதிப் பேர் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். கைப்பம்ப் வாங்கினால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். இங்கே காற்றில் பாதி கடல், அது அப்படியே சிலிண்டருக்குள் போகும்.

எந்த வகை என்றாலும் கடையில் இதைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். குண்டில்லை என்று நீங்களே திறந்து பார்த்துக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடுங்கள், ஒரு கையால் பிஸ்டலைத் தோள் மட்டத்துக்குத் தூக்கி, மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். குழல் நுனியில் இருக்கும் முன்குறி, பின்பக்கம் இருக்கும் பின்குறியின் வெட்டுக்கு நடுவில் தானாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் கைப்பிடி உங்களுடையது அல்ல. கொஞ்சம் விலகல் என்றால் மரப்பிடியை உப்புத்தாளால் தேய்த்து, மரப்பட்டி அப்பிச் சரிசெய்யலாம், ரொம்ப விலகினால் விட்டுவிடுங்கள். கனத்துக்கு ஒரு கணக்கு: முழுசாக நிரப்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் கிட்டத்தட்ட ஒரு மேட்ச் பிஸ்டல். வீட்டில் நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போட்டி விதிப்படி விசையை இழுக்கத் தேவைப்படும் கனம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது, அதைவிட லேசாக்கித் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

கையில் இருக்கும் மொத்தக் காசையும் பிஸ்டலில் கொட்டாதீர்கள். தட்டைத் தலைக் குண்டு, சுட்ட குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, 17 செ.மீ. சதுரக் குறி அட்டைகள், இதற்கெல்லாம் ஒதுக்கிவைக்க வேண்டும். குண்டு ஈயம், சுட்டு முடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வடையைத் தொட வேண்டும். புறா, கொக்கு என்று குறி பார்க்கிற பையன்கள் ஊருக்கு ஊர் உண்டு. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று பறவைச் சரணாலயங்களை வைத்திருக்கிற மாவட்டம் இது, 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போவார்கள்.

கடைசியாகத் துரு. வாங்கிய முதல் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில், பஞ்சுப் பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். திறந்தால் பின்குறியின் திருகெல்லாம் செம்மண் நிறம், டப்பாவிலிருந்த குண்டுகளில் மாவு தூவினதுபோல வெள்ளை. பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது சுட்டு முடித்ததும் வெளி இரும்பைத் துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய எவர்சில்வர் டப்பாவில் வைக்கிறேன். அரிவாளுக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப்போகும். காற்று வால்வு பக்கம் எந்தச் சாதாரண எண்ணெயும் போகக் கூடாது, அங்கே சிலிக்கான் கிரீஸ் மட்டும்.