விளையாட்டுச் சங்கத்துக்குப் புகார் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சியாளர் மீதோ அணி மருத்துவர் மீதோ ஒரு வீராங்கனை பாலியல் புகார் சொல்லும்போது, அதை முதலில் கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவராகவே இருக்கிறார். ஆனாலும் அடுத்த சில நாள்களில் அவர் செய்கிற தவறுகளால் பாதிப்பு பெருகிவிடுகிறது. அவற்றுள் மிகப் பெரியது, "முதலில் நாமே விசாரித்து உறுதி செய்துகொள்வோம், பிறகு போலீசுக்குச் சொல்லலாம்" என்று காத்திருப்பது.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸில் இதுவே நடந்தது. தேசிய அணியின் மருத்துவர் லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் செய்து வந்ததைப் பற்றி வீராங்கனைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை 2015 ஜூனில் கேட்க நேர்ந்த பயிற்சியாளர் ஒருவர், தாமதிக்காமல் தகவலை மேலே கொண்டு சென்றார். தேசியச் சங்கமோ தனியார் விசாரணையாளர் ஒருவரை அமர்த்திவிட்டு, ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கழித்தே எஃப்.பி.ஐ.யை அணுகியது, அங்கும் புகார் அலட்சியப்படுத்தப்பட்டது. வேறொரு பெண் 2016 ஆகஸ்டு இறுதியில் காவல்துறையிடம் நேரடியாகப் புகார் கொடுக்கும்வரை, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாசர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எஃப்.பி.ஐ.க்குத் தகவல் போன பிறகும் ஏறத்தாழ 70 அல்லது அதற்கு மேற்பட்ட இளம் வீராங்கனைகள் அவரால் பாதிக்கப்பட்டதாக நீதிமன்ற ஆவணங்கள் தெரிவிப்பதை, அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்துள்ளது.

யாரை வைத்து விசாரிப்பது என்பதிலும் அங்கே தவறு நேர்ந்தது. 2014இல் அதே பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண் புகார் கொடுத்தபோது, அந்தச் சிகிச்சை முறையானதுதானா என்று நாசருடன் அங்கேயே பணியாற்றியவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். புகார் தள்ளுபடியானது, நாசரும் பணிக்குத் திரும்பினார்.

நம் நாட்டில் பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், காத்திருக்கும் உரிமையே சங்கத்துக்குக் கிடையாது. குற்றம் நடந்ததாக அறிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, உள்ளூர் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். ஆதாரம் திரட்டித் தரச் சொல்லி அது கேட்கவில்லை. தனக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வயது வந்த பெண்களைப் பொறுத்தவரை, விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் ஆகியவையும் பணியிடமே என்று பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இலேயே வரையறுத்துவிட்டது. இருந்தும், சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்று இரு தரப்பையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசுகிறார்கள். சமரசம் வேண்டும் என்று கேட்கும் உரிமை புகார் கொடுத்த பெண்ணுக்கு மட்டுமே உண்டு. அப்போதும் பணத்தை அதற்கு அடிப்படையாக வைக்கக் கூடாது. புகார் நிரூபணமாகவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவரைப் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலக்கிவைப்பது தீர்ப்பு அன்று என்பதை அவரிடமும் மற்றவர்களிடமும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவருக்கும் குடும்பமும் மனமும் உண்டு.

எனக்கு மிகவும் வேதனை தருவது இன்னொரு வழக்கம். "பாதுகாப்புக்காக" என்று சொல்லிப் புகார் கொடுத்த பெண்ணையே முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் பயிற்சியை இழக்கிறாள், விடுதியை இழக்கிறாள், தோழிகளையும் இழக்கிறாள். அதைப் பார்க்கும் மற்ற பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்று கற்றுக்கொள்கிறார்கள். நடந்ததைச் செயலாளரிடம் ஒரு முறை, தலைவரிடம் ஒரு முறை, குழுவிடம் ஒரு முறை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும், அவள் பெயரை வாட்ஸ்அப் குழுவில் நடமாட விடுவதும் இதற்குச் சற்றும் குறைந்த கொடுமை அல்ல.

மனநல ஆதரவை விசாரணையின் முடிவோடு முடிச்சுப் போடக் கூடாது. ஆலோசனை தருபவர் விசாரணைக் குழுவில் இருப்பவராகவும் இருக்கக் கூடாது, ஏனெனில் தான் அழுதுகொண்டு சொன்னது நாளை அறிக்கையில் வருமோ என்ற அச்சம் இருந்தால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போன இடத்திலும் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை இலவசமாக அழைக்கலாம் என்பதை வீரர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. விசாரணை முடிந்து புகார்க் கோப்பு மூடப்பட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: அடுத்த அணித் தேர்வில் அவள் பெயர் விடுபட்டிருந்தால், காரணம் அவளுடைய ஆட்டம்தானா என்பதைத் தேர்வுக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் சரிபார்க்க வேண்டும்.