தரம் 1, 2 பிள்ளைகளுக்கு வீதி கடக்கப் பழக்குதல்: வீட்டுக் கூடத்திலிருந்து காலி வீதி வரை

சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் வரும் வீதிப் பாதுகாப்பை என் மகள் பிழையின்றி ஒப்புவிப்பாள். "நில், பார், கேள், பிறகு கட" என்று அபிநயத்தோடு பாடியும் காட்டுவாள். அதே பிள்ளை, தரம் ஒன்றில் படித்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையின் மறுகரையில் அப்பம்மாவைக் கண்டதும் என் கையை உதறிவிட்டு ஓடினாள். முச்சக்கர வண்டியின் சாரதி விழிப்பாக இருந்ததால் ஒன்றும் நேரவில்லை. பாட்டு வாயில் இருந்தது, காலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதன் பின்னர் ஏறத்தாழ ஆறு வாரங்கள் நாங்கள் செய்த பயிற்சியையே இங்கு எழுதுகிறேன். இது பிள்ளையைத் தனியே வீதி கடக்க விடுவதற்கான பயிற்சி அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் ஆற்றல் இந்த வயதில் முதிர்ந்திருப்பதில்லை. பெரியவரின் கை எப்போதும் தேவை.

பொருட்கள் அதிகம் வேண்டாம். மாஸ்கிங் டேப் எனப்படும் கடதாசி ஒட்டுநாடா ஒரு சுருள், ஒரு பந்து, இரண்டு கதிரைகள் போதும். வெண்கட்டியைத் தவிர்த்துவிடுங்கள், அதன் தூள் மாபிள் தரையில் வழுக்கும், ஒட்டுநாடாவையோ உரித்தெடுத்துவிடலாம். விளையாட்டுப் பொருட் கடைகளில் வீதிப் படம் அச்சிட்ட விரிப்புகள் கிடைக்கின்றன. நானும் ஒன்றை வாங்கி வீணாக்கினேன். அந்த விரிப்பில் பிள்ளை வீதியைப் பறவையைப் போல மேலிருந்து பார்க்கிறது. உண்மையில் அது வீதியைப் பார்க்க வேண்டியது தன் கண் மட்டத்திலிருந்து.

முதலில் நிற்கப் பழக்க வேண்டும். கூடத்தின் குறுக்கே இரண்டு நீளக் கோடுகள் ஒட்டி, அவற்றை நடைபாதை விளிம்புகளாகக் கொள்ளுங்கள். பிள்ளையை ஒரு கோட்டை நோக்கி நடக்க விட்டு, பந்தை மறுபக்கம் உருட்டுங்கள். பந்தின் பின்னால் ஓடாமல் கோட்டில் நின்றால்தான் ஆட்டம் தொடரும். இரண்டு நாட்களில் இது கைகூடிவிடும். அதன் பின்னர் பந்துக்குப் பதிலாக, பிள்ளைக்கு மிகவும் பிடித்தமான ஒருவரை எதிர்க்கோட்டில் நிறுத்திப் பெயர் சொல்லி அழைக்கச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் அப்பம்மாவே அந்தப் பொறுப்பை ஏற்றார், என் மகள் முதல் மூன்று தடவையும் கோட்டைத் தாண்டி ஓடினாள். அன்றே வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு விதி பிறந்தது: வீதியின் மறுகரையில் நின்று பிள்ளையை யாரும் அழைக்கக் கூடாது, கையசைக்கவும் கூடாது, பெரியவர்தான் கடந்து பிள்ளையிடம் வர வேண்டும்.

அடுத்தது பார்ப்பது. நான் மிகவும் இடறிய படி இதுவே. இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே இருவழி வீதியொன்றின் கரையில் நாம் நிற்கும்போது, நமக்கு அண்மையான பாதியில் வருகின்ற வாகனம் வலப்பக்கத்திலிருந்தே வரும். வலம், இடம், மீண்டும் வலம் என்று பார்ப்பதன் காரணம் அதுதான். என் மகளோ எத்தனை முறை திருத்தியும் இடப்பக்கத்தையே முதலில் பார்த்தாள். கவனக்குறைவென்று எண்ணி இரண்டு வாரங்கள் கடிந்துகொண்டேன். ஒரு மாலை அவள் விரும்பிப் பார்க்கும் கார்ட்டூன் காணொளியை அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் விடயம் புரிந்தது: அது வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்லும் அமெரிக்காவைப் போன்றதொரு நாட்டுக்காக எடுக்கப்பட்டது, அங்கு முதலில் இடப்பக்கம் பார்ப்பதே சரி. பிள்ளை சொன்னபடிதான் செய்திருக்கிறது, பாடம்தான் வேறு நாட்டினுடையது. வீதிப் பாதுகாப்புக் காணொளி எதையும் காட்டுமுன் அதிலுள்ள சாரதியின் ஆசனத்தைப் பாருங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் அந்தக் காணொளி நமக்கு உதவாது.

வலம், இடம் என்ற சொற்களே இந்த வயதில் குழம்பும் என்பதால் "சோறு சாப்பிடும் கைப்பக்கம் முதலில்" என்று சொல்லிக்கொடுத்தேன். (பின்னர் சேர்த்தது: இடக்கையால் எழுதும் தம் மகனுக்கு இது பொருந்தவில்லை என்று தாயொருவர் எழுதியிருந்தார். அத்தகைய பிள்ளைக்கு வலது மணிக்கட்டில் ஒரு நூல் கட்டி "நூல் கைப்பக்கம்" என்று பழக்குவது நல்லது.)

தலை திரும்பினால் கண் பார்த்துவிட்டது என்று பொருளல்ல. பிள்ளைகள் தலையை மின்விசிறியைப் போல இருபுறமும் ஆட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி, கோட்டின் இரு முனைகளிலும் கதிரை போட்டு ஒவ்வொருவரை அமர்த்தி, அவர்கள் காட்டும் விரல்களின் எண்ணிக்கையைக் கேட்பதாகும். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று, மீண்டும் வலப்பக்கம் ஐந்து என்று சரியாகச் சொன்னால் மட்டுமே கடக்கலாம். மூன்றாவது பார்வைக்கு முன் வலப்பக்கத்தவர் விரல்களை மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பிள்ளை நினைவிலிருந்து சொல்லிவிடும்.

வெளியே போவதற்கு முன்பு பெரியவர் தனியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் சராசரியாக 115 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், கண் மட்டம் அதற்கும் கீழே. எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில், இரண்டு வான்களுக்கு நடுவே நான் அந்த உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். வீதியே தெரியவில்லை, சில்லுகளும் கதவுகளும்தான் தெரிந்தன. சாரதிக்கும் பிள்ளையைத் தெரியாது. எனவே நிறுத்தப்பட்ட வாகனங்களுக்கிடையே கடப்பதில்லை என்பது எங்கள் விதி. வேறு வழியே இல்லாதபோது வாகனத்தின் வெளி ஓரத்தில் இரண்டாவது தடவையாக நின்று பார்க்க வேண்டும். ஒரு ஞாயிறு காலையில் இதனை அதே தரிப்பிடத்தில் பழக்கினோம். பின்பக்கம் வெள்ளை விளக்கு எரியும் வாகனம் பின்னோக்கி வரப்போகிறது என்பதையும் அங்கேயே காட்டலாம்.

உண்மையான வீதிக்கு வந்தபோது எதிர்பாராத சிக்கல் ஒன்று காத்திருந்தது. "மஞ்சள் கடவையில்தான் கடக்க வேண்டும்" என்று நான் சொல்ல, அவள் கடவையின் முன்னால் நின்றுகொண்டு மஞ்சளைத் தேடினாள். நாம் பழைய வழக்கத்தில் மஞ்சள் கடவை, மஞ்சள் கோடு என்கிறோம். எங்கள் பகுதியில் கோடுகளோ வெள்ளை. "வரிக்குதிரைக் கோடு" என்று பெயரை மாற்றினேன்.

அமைதியான ஒழுங்கைகளில் தொடங்குங்கள். காலி நகரை நோக்கிச் செல்லும் பிரதான வீதியான காலி வீதியை இறுதிக்கு விடுங்கள். அங்குள்ள பெரிய ஆபத்து, ஒரு வாகனம் நின்று வழிவிட, அதற்கு அப்பால் உள்ள நிரலில் மற்றொன்று நிற்காமல் வருவது. நின்ற பஸ் அதனை முழுதாக மறைத்துவிடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் கடக்கிறது. சாரதி பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். ஆதலால் நின்ற வாகனத்தின் முன் ஓரத்தில் மீண்டும் நின்று எட்டிப் பார்ப்பதைப் பழக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நடத்துனர் கைகாட்டி "போங்கோ" என்றாலும், பஸ் புறப்பட்டுப் போகும் வரை காத்திருங்கள். பிள்ளையை விரலால் அல்ல, மணிக்கட்டில் பிடியுங்கள். அப்பம்மாவைக் கண்ட அன்று அவள் உதறியது என் இரண்டு விரல்களைத்தான்.

இந்தப் பயிற்சிகள் பழகியதும் முறையை மாற்றிப் பிள்ளையை ஆசிரியராக்கினோம். கடக்கலாமா என்பதை அவளே எனக்குச் சொல்வாள். நான் வேண்டுமென்றே ஒரு பக்கம் பார்க்க மறப்பேன். என் பிழைகளைப் பிடிப்பதில் அவளுக்கு இருந்த உற்சாகம் எந்தப் பாட்டிலும் இருந்ததில்லை.

பிற்சேர்க்கை: கடற்கரைக்குப் போகும்போது புகையிரதப் பாதையை என்ன செய்வது என்று பம்பலப்பிட்டியிலிருந்து தந்தையொருவர் கேட்டிருந்தார். கரையோரப் பாதை கொழும்பில் இரட்டைத் தண்டவாளம் கொண்டது. ஒரு புகையிரதம் போய் முடிந்ததும் மக்கள் உடனே இறங்குகிறார்கள். அதன் மறைவிலிருந்து எதிர்த்திசையில் மற்றொன்று வரக்கூடும். அங்கு வலம், இடம் என்ற ஒழுங்கை நான் பழக்குவதில்லை. கடவையில் மட்டுமே கடப்பது, முதல் புகையிரதத்தின் கடைசிப் பெட்டி தொலைவில் சென்று மற்றத் தண்டவாளம் இரு திசைகளிலும் நீளமாகத் தெரியும் வரை நகராமல் நிற்பது என்பவற்றையே பழக்குகிறேன். காத்திருக்கும்போது போன புகையிரதத்தின் பெட்டிகளை எண்ணச் சொல்வேன், எண்ணி முடித்ததும் "மற்றது வருகுதா?" என்று இப்போது அவளே கேட்கிறாள்.