பொங்கலுக்கு வெள்ளையடிப்பதில் தொடங்கும் தவறுகள்

நம் ஊர்களில் வீட்டின் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசும் வேலை பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியோ பொங்கலை ஒட்டியோதான் நடக்கிறது. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. தீபாவளி பெரும்பாலும் அந்த மழைக்காலத்தில் வருகிறது. பொங்கல் அது ஓய்ந்த கையோடு வருகிறது. அப்போது செங்கல் சுவர் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே மட்டும் காய்ந்ததுபோல் காட்டும். அதை நம்பி எமல்ஷன் பூசினால், உள்ளே சிக்கிய ஈரம் சித்திரை வெயிலில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதலில் கொப்புளம் கிளம்பும். பிறகு நகத்தால் கீறினாலே தோல் தோலாக உரியும். பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலர். பூசிய காலம் தவறு என்று யோசிப்பவர்கள் குறைவு.

மாசியும் பங்குனியும் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால், ஒரு முழம் அகல நீளத்தில் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி முத்து முத்தாகக் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாட்களாவது பொறுக்க வேண்டும். வெயில் நேராக விழும் சுவரில் பூசினால் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். எனவே மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் பூசச் சொல்லுங்கள்.

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது இன்னொரு வழக்கமான தவறு. உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, உதிர்ந்த பொடியை அப்புறப்படுத்த வேண்டும். பாசிக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, சிறிது நேரம் விட்டு, நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். பாசியின் மேலேயே பூசினால் ஒரு மழைக்குப் பிறகு அதே இடத்தில் பச்சை எட்டிப் பார்க்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், கறை தெரியும் இடத்தில் விலை உயர்ந்த 'மழை தாங்கும்' பெயிண்டைப் பூசுவது. சுவரில் கறை படியும் இடமும் நீர் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. நீர் மேலே எங்கோ நுழைந்து, கான்கிரீட் தளத்தின் மேலேயே ஊர்ந்து, வலுவில்லாத ஓர் இணைப்பைக் கண்டுபிடித்து இறங்கும். ஆகவே கறையிலிருந்து மேல் நோக்கிப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி தினமும் வழிந்து, ஒரே கோடாகச் சுவரை நனைக்கிறதா? மிதவை வால்வைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். ஏசியின் வடிகுழாய் சுவரை ஒட்டிச் சொட்டிக்கொண்டிருக்கிறதா? கேபிளுக்கும் இன்டர்நெட்டுக்கும் போட்ட துளைகள் உள்பக்கமாகச் சரிந்து மழைநீரை வீட்டுக்குள் அழைக்கின்றனவா? கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதியில் வெடிப்பு ஓடுகிறதா? நான் பார்த்தவரை, வெளிச்சுவர் ஈரத்துக்குக் கைப்பிடிச் சுவரின் தலையைப் போல அடிக்கடி காரணமாக இருப்பது வேறில்லை. அங்கே ஏறிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மொட்டை மாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பழைய முறையில், கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். அந்த அடுக்கு வெயிலையும் தடுக்கும், நீரை வடிகுழாய்க்குச் சரித்தும் விடும். ஆண்டுகள் போகப் போக ஓடுகளுக்கு இடையே உள்ள சாந்து உதிரும். அதைச் சுரண்டியெடுத்துப் புதிதாக அடைத்தால் போதும். பலரோ அதன் மேலேயே இன்னொரு சிமெண்ட் தளம் போடுகிறார்கள். சில ஆண்டுகளில் அதற்கும் மேல் ஒரு டைல். கட்டடத்தின் சுமை கூடுகிறது. அடியில் ஏற்கெனவே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தங்குகிறது. கைப்பிடிச் சுவரின் உயரமும் குறைந்து, குழந்தைகளுக்கு ஆபத்தாகிறது. செலவு செய்வதற்கு முன் நான்கு வாளி தண்ணீரை மாடியில் ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். குழாய் வாயில் சருகும் குழந்தைகளின் பந்தும் அடைத்திருப்பதே முழுக் காரணமாகவும் இருக்கலாம்.

காக்கையின் எச்சத்தில் வந்த விதை கைப்பிடிச் சுவரில் முளைத்து அரசங்கன்றாக நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பூமியில் நிற்கும் அரசமரத்தை வணங்கலாம். சுவரில் நிற்கும் கன்றைப் பாவம் என்று விட்டுவைக்கக் கூடாது. மேலே தெரியும் தண்டை மட்டும் ஒடித்துப் போடுவதும் பயனற்றது. அது இன்னும் தடித்துத் துளிர்க்கும். வேர் செங்கற்களைப் பிளந்துகொண்டு போகும். இரண்டு இலை விட்டிருக்கும்போதே வேரோடு இழுத்தெடுத்து, அந்த வெடிப்பை அன்றே அடைத்துவிட வேண்டும்.

சன்ஷேடின் அடிப்பகுதியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும்போது, கொத்தனாரை அழைத்து அதன்மேல் சிமெண்டை அப்பிவிடச் சொல்கிறோம். இதை நான் வீண் செலவு என்றே சொல்வேன். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அப்பிய சிமெண்டை அது மறுபடியும் தள்ளிவிடும், விழும்போது கீழே யாராவது நிற்கலாம். கம்பியைச் சுற்றிலும் தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்த பிறகே பாலிமர் கலந்த சாந்தால் மூட வேண்டும். கம்பி குறிப்பிடத்தக்க அளவு தேய்ந்து மெலிந்திருந்தால் இதுவும் போதாது. உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இரும்பு கேட்டுக்கும் இதே விதிதான்: துருவைச் சுரண்டாமல், ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு கொடுக்காமல் பெயிண்ட் அடிப்பது பணத்தை மண்ணில் கொட்டுவது.

சாலையைப் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தியதால் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. 2021இல் தமிழக அரசு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று அறிவுறுத்தியது. உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது அதை எடுத்துச் சொல்லுங்கள். நம் பங்குக்கு நாம் செய்யும் தவறு, சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டிச் செடி வைப்பது. தினமும் ஊற்றும் நீர் அடிச்சுவரில் ஏறும், கரையானுக்கும் வழி கிடைக்கும். 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியையும் பல வீடுகளில் கட்டியதோடு மறந்துவிட்டார்கள். புரட்டாசியில் அதன் வண்டலை அள்ளாவிட்டால், ஐப்பசியில் நீர் அடித்தளத்தின் அருகிலேயே தேங்கி நிற்கும்.

செட்டிநாட்டிலும் தஞ்சைப் பகுதியிலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும், பக்கத்தில் இருக்கும் நல்ல சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருப்பதே மேல்.

வெடிப்புகளில் எல்லாமே ஒன்றல்ல. தலைமுடி போல வலைப்பின்னலாகத் தெரிபவை பூச்சோடு முடிந்துவிடும். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் நேராக ஓடும் வெடிப்பை, பூச்சை எடுத்துக் கம்பிவலை வைத்துப் பூசினால் தீரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் படிபோல இறங்கும் வெடிப்புதான் கவனிக்க வேண்டியது. அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். பட்டி வைத்து மறைக்காமல், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தும் கோட்டைத் தாண்டாவிட்டால் அடைத்துப் பூசலாம். தாண்டினாலோ, அகலம் கூடினாலோ, பெயிண்டருக்குப் பதிலாகக் கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள்.