இஞ்சிப் பியருக்குத் தேசித்தோல் மணம்: எப்போது போடுவது?

பியர் காய்ச்சுபவர்கள், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூவில் ஒரு பங்கைக் கொதிக்கவிட்டுக் கசப்பை எடுப்பார்கள். மணத்துக்கான பங்கை, நொதிப்பு அடங்கி வரும் நேரத்தில், கொதிக்க வைக்காமல் அப்படியே பாத்திரத்துக்குள் போடுவார்கள். கொதி படாததால் கசப்பு அவ்வளவாக இறங்காது. மணம் நன்றாகப் பிடிக்கும்.

இலங்கையில் உரிமம் இல்லாமல் பியர் காய்ச்சுவது குற்றம். ஆனால் இதே முறை, குறைந்த நேரம் நொதிக்கும் வீட்டு இஞ்சிப் பியருக்கு அருமையாகப் பொருந்தும். வன்னியில் ஹொப்ஸ் விளையாது, சரி. வளவில் நிற்கும் தேசி மரம் போதும்.

ஒன்றரை லீற்றருக்கு 50 கிராம் இஞ்சி, 120 கிராம் சீனி, 3 தேசிக்காய், பாண் போடும் உலர் ஈஸ்ட் ஒரு சிட்டிகை. சோடா வந்த தடித்த பிளாஸ்டிக் போத்தல்கள் வேண்டும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். எங்கள் வெயிலுக்கு அழுத்தம் ஏறி வெடித்துவிடும்.

முதலில் தண்ணீர். வன்னிக் கிணறுகள் பலவற்றில் கடினநீர்தான். கொதிக்க வைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேல் தெளிவை மட்டும் எடுங்கள்.

பின்னேரம் இஞ்சியைத் துருவி, சீனியோடு அரை லீற்றர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். வடித்து, மிச்சத் தண்ணீரைச் சேர்த்து, ஒரு தேசிக்காயின் சாறு விடுங்கள். கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் ஈஸ்டைத் தூவி, சுத்தமான துணியால் வாயை மூடி வையுங்கள்.

தேசித்தோலை இப்போதே போட்டுவிடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். தோலின் எண்ணெயில் உள்ள லிமோனீன் போன்ற மணப்பொருட்கள் எளிதில் ஆவியாகுபவை. கொதியில் போட்டால் ஆவியோடு போய்விடும். நொதிப்பு மும்முரமாக நடக்கும்போது போட்டால், மேலே வரும் காபனீரொட்சைட்டுக் குமிழிகள் மணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். குசினி முழுக்கத் தேசி மணக்கிறதென்றால் அந்த மணம் இனிப் போத்தலுக்குள் இல்லை. அதற்காக நொதிப்பு முழுதாக நிற்கும்வரை காத்திருப்பதும் சரியல்ல. தோலோடு கொஞ்சம் ஒட்சிசனும் உள்ளே போகிறது. ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மணம் சீக்கிரம் மங்கும்.

அடுத்த நாள் காலை பாருங்கள். நுரை தணிந்து, குமிழி விட்டுவிட்டு வந்தால் அதுதான் நேரம். சோளகம் வீசும் மாதங்களில் இது விடியவே வந்துவிடும். மார்கழி வாடையில் மத்தியானம்கூட ஆகலாம். கடும் வெக்கையில் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஈரச்சாக்கால் சுற்றுங்கள். அதிக சூட்டில் ஈஸ்ட் கெட்ட வாடை தரும், பிறகு எந்த மணமும் அதை மறைக்காது.

இரண்டு தேசிக்காயை வடிவாகக் கழுவித் துடைத்து, பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். கொதிநீரில் போட்டெடுத்த சின்னத் துணிப்பையில் தோலைக் கட்டி, ஒரு கரண்டியையும் பாரத்துக்குப் போட்டு அமிழ்த்துங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். எனக்கு 5, 6 மணித்தியாலம் போதும். அதற்கு மேல் விட்டால் கசப்பு தலைகாட்டும். கடையில் பழகிய எசன்ஸ் வாசனை இதன் பக்கத்திலும் வராது.

பையை எடுத்துவிட்டு, நான்கு விரல் இடம் விட்டுப் போத்தலில் அடையுங்கள். அமுக்கினால் கல்லுப்போல் இருக்கும் நேரம் பிரிஜ்ஜுக்குள் போய்விட வேண்டும். வெக்கை நாளில் சில மணித்தியாலத்திலேயே அப்படி ஆகும். வெளியே விட்டால் அழுத்தமும் கூடும், மதுசாரமும் கூடும். கொஞ்சம் மதுசாரம் எப்படியும் இருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது ஹொப்ஸ் கொண்டுவந்தால் லீற்றருக்கு ஒரு கிராம் கணக்கில் இதே நேரத்தில், இதே பையில் போடலாம். மிச்சத்தைக் காற்றுப்படாமல் கட்டி பிரீசரில் வையுங்கள். பாவித்த சக்கையை வளவில் வீச வேண்டாம். ஹொப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. குழி தோண்டிப் புதையுங்கள்.

பிரிஜ்ஜில் ஒரு கிழமை வரை இருக்கும். ஆனால் தேசி மணம் முழுதாக இருப்பது முதல் 2, 3 நாள்தான், அதற்குள் குடித்து முடியுங்கள். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள்.