அங்கே சீலிங் உரிவதற்குக் காரணம் மொட்டை மாடி இல்லை

போன வாரம் அக்கா மகன் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து வீடியோ காலில் வந்தான். போய் மூன்று மாதம்தான் ஆகிறது. போனைத் தூக்கி பாத்ரூம் சீலிங்கைக் காட்டினான். நடுவில் வெள்ளைப் பெயிண்ட் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு தொங்குகிறது, மூலையில் கருப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூசணம். "மாமா, மேல மொட்டை மாடி ஒழுகுதோ?" என்றான். திருப்பரங்குன்றத்தில் வளர்ந்த பையன் வேறென்ன கேட்பான். மாப்ளே, உன் வீட்டுக்கு மொட்டை மாடியே கிடையாது, மேலே ஓட்டுக் கூரை. இங்கிலாந்தில் பதினோரு வருஷம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவன் நான், அவனுக்குச் சொன்னதையே புதிதாகப் போய் இறங்கியிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் எழுதி வைக்கிறேன்.

நம்ம ஊரில் சுவர் உரிந்தால் தண்ணீர் வெளியில் இருந்து வந்திருக்கும். ஐப்பசி மழை மாடி விரிசலில் இறங்கியிருக்கும், இல்லையென்றால் அடியில் இருந்து ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்டைத் தள்ளியிருக்கும். அங்கே பாதி நேரம் தண்ணீரை உண்டாக்குவதே நாம்தான். குளிருக்கு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, குக்கரில் நாலு விசில், கொதிக்கக் கொதிக்க ஒரு குளியல், துவைத்த துணியை ஹீட்டர் மேல் காயப்போடுவது என்று நாள் முழுக்க ஆவி விடுகிறோம், அது வெளியே போக வழியில்லாமல் வீட்டில் எந்த இடம் சில்லென்று இருக்கிறதோ அங்கே போய் நீராகப் படிகிறது. ஜிகர்தண்டா டம்ளர் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதேதான். பாத்ரூம் சீலிங், வெளிச்சுவர் மூலை, பீரோவுக்குப் பின்பக்கம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

பழுப்பாக ஒரு வளையம் தெரிந்து, மழைக்கோ மேல்வீட்டுக்காரர் குளித்தாலோ அது பெரிதானால் அது ஒழுகல். அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். வீட்டுக்காரருக்குப் போட்டோவோடு மெயில் அனுப்புங்கள், போனில் சொன்னது சொன்னதாகவே ஆகாது. குடியேறிய அன்றே எல்லா அறையையும் சீலிங்கோடு படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. நம்ம ஊர் மாதிரி அட்வான்ஸை அவர் பையில் வைத்துக்கொள்ள முடியாது, இங்கிலாந்தில் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டாக வேண்டும். காலி செய்யும்போது வழக்கு வந்தால் அந்தப் படம்தான் பேசும். நான் முதல் வருஷம் கேட்காமல் கொள்ளாமல் பூசணத்து மேலேயே மலிவான வெள்ளை எமல்ஷன் அடித்தேன், அதுவும் ஜனவரியில். மூன்றே வாரத்தில் முழு ஏடாக உரிந்து தலையில் விழுந்தது, அட்வான்ஸிலும் கொஞ்சம் போனது.

நீங்களே பெயிண்ட் அடிக்க வீட்டுக்காரர் அனுமதி கொடுத்தாலும் சுரண்டும் முன் இரண்டு விஷயம். சீலிங் சுழி சுழியாகவோ விசிறி விசிறியாகவோ மேடுபள்ளமாக இருந்து, வீடு 2000க்கு முன் கட்டியதாக இருந்தால் அந்தப் பூச்சில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தொடாதீர்கள், வீட்டுக்காரரைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். 1960களுக்கு முந்தைய வீடு என்றால் அடி அடுக்கில் ஈயப் பெயிண்ட் இருக்க வாய்ப்புண்டு, கதவு ஜன்னல் மரச்சட்டங்களில் முக்கியமாக. அமெரிக்கா போனவர்களுக்கு 1978 கணக்கு, வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அங்கே தடை செய்தது அந்த வருஷம்தான். சந்தேகம் இருந்தால் உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்கவே கூடாது, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தூசி விஷம்.

சரி, வேலைக்கு வருவோம். பூசணத்தை அதற்கென்று விற்கும் மருந்தடித்துத் துடைத்து (பிளீச் என்றால் வேறு எதோடும் கலக்காதீர்கள், கையுறை, மாஸ்க் அவசியம்) நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் பட்டி பிளேடைப் படுத்தவாக்கில் பிடித்து, தானாக வருகிற பெயிண்டை மட்டும் எடுங்கள். தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று கேட்டால் அது செங்கல் இல்லை, பெரும்பாலும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. நம்ம கொத்தனார் மாதிரி அழுத்திச் சுரண்டினால் காகிதமும் கிழிந்து வரும். உரிந்த இடத்தில் ஈர விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளை ஒட்டுகிறதா? பழைய வீடுகளில் அப்படித்தான், அடியில் டிஸ்டெம்பர் இருக்கும். இங்கே சுண்ணாம்புச் சுவரில் நேராக எமல்ஷன் அடித்தவர்கள் பட்ட பாடுதான் அங்கேயும். கழுவி எடுங்கள், இல்லையென்றால் பொடியைப் பிடித்து வைக்கும் பிரைமர் ஒரு கோட் கொடுங்கள்.

ஓரத்தில் நிற்கும் பெயிண்ட் விளிம்பை 120 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். விரலை ஓட்டினால் படி தட்டக்கூடாது, இதில் சோம்பல்பட்டால் பெயிண்டுக்கு அடியில் இந்தியா மேப் மாதிரி தெரியும். அடுத்து பட்டி பார்ப்பது. கடையில் போய் புட்டி என்று கேட்டால் ஜன்னல் கண்ணாடி பதிக்கிற எண்ணெய்ப் பசையை நீட்டுவார்கள், நான் ஒரு டப்பா வாங்கி ஏமாந்தவன். ஃபில்லர் என்று கேளுங்கள். மெல்லிசாக இரண்டு தடவை இழுத்து, காய்ந்ததும் 180 நம்பரால் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். பழுப்புக் கறை இருந்தால் கறை தடுக்கும் பிரைமர் இல்லாமல் எத்தனை கோட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும்.

பெயிண்ட் பாத்ரூமுக்கென்று விற்பதாக இருக்கட்டும். மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் நாலு மணி நேரமாவது விடுங்கள். மதுரை வெயிலில் அரை நாளில் முடிகிற வேலை அங்கே இரண்டு நாள் இழுக்கும். அறை 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அடிக்கவே வேண்டாம், பிடிக்காது.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, ஜன்னலைக் காட்டுடா என்றேன். மேல்சட்டத்தில் காற்று வருவதற்கென்றே விட்டிருக்கும் சின்னத் திறப்பில், குளிர் வருகிறது என்று நீளமாக செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறான். பெயிண்ட் வாங்கப் போகும் முன் அதைப் பிய்க்கச் சொல்லியிருக்கிறேன்.